குறவஞ்சி படிக்கும் வயது

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்கிற பெற்றோர், கேள்வி முடிவதற்குள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: "கண்டது கழியதெல்லாம் அதில் இருக்கக் கூடாது, பாருங்கள்." இரண்டாவதாகச் சொன்னதுதான் அவர்கள் மனத்தில் முதலில் இருந்தது என்பதைக் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகாது.

தமிழ்நாட்டில் இந்தக் கவலைக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. பெண்கள் கையில் அச்சுப் புத்தகம் வந்த நாளிலிருந்துதான் இது நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் தென்காசிக்குப் போக வேண்டும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம் என்ற ஊர். அவ்வூர்க்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக நிலம் விட்டார். குறவஞ்சி மேடு என்று அந்த நிலத்துக்குப் பெயர் வந்தது. அருவிக்கரையில் ஒரு மேட்டு நிலத்துக்கு ஒரு புத்தகத்தின் பெயர் வாய்த்ததை நினைத்தால், எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பந்து விளையாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, பவனி வந்த திரிகூடநாதரைப் பார்க்கிறாள். பார்த்த கணத்திலிருந்து உடம்பும் மனமும் அவள் வசத்தில் இல்லை. நிலவைத் திட்டுகிறாள், தென்றலைத் திட்டுகிறாள். பிறகு குறத்தி வருகிறாள், மலைவளம் சொல்கிறாள், கைபார்த்துக் குறி சொல்கிறாள். கடைசியில் அவளைத் தேடிக்கொண்டு சிங்கன் வருகிறான். சிங்கியின் காலிலும் கையிலும் புதிது புதிதாய்க் கிடக்கும் நகைகளைக் கண்டு அவனுக்குச் சந்தேகம். ஒவ்வொன்றாய்க் கேட்கிறான். இது இன்ன ஊரில் குறி சொன்னதற்குப் பரிசு என்று அவளும் சளைக்காமல் பதில் சொல்கிறாள். இந்தப் பேச்சில் சரசமும் உண்டு, விரசமும் கொஞ்சம் உண்டு.

குறவஞ்சி என்பது ஆடிப் பாடிக் காட்டுகிற நாடகம். கோயிலிலும் சபையிலும் நடக்கிறபோது ஊரே உட்கார்ந்து பார்க்கும். பாட்டி மடியில் பேத்தி இருப்பாள். வசந்தவல்லியின் விரகம் இந்தப் பேத்திக்கு ஆகுமா என்று யாரும் வயதைக் கணக்குப் பார்த்ததாகத் தோன்றவில்லை. சாமியின் மேல் வைத்த காதல் என்ற ஒரு போர்வை இருந்தது. அதைவிட முக்கியமான காரணம், எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள் என்பது. சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், குழந்தையும் சிரித்தது.

கேட்கலாம், ஆனால் குடும்பப் பெண்ணுக்கு எழுத்து வாசிக்கத் தெரியக் கூடாது. பாட்டும் பரதமும் ஏடும் எழுத்தும் தாசிகளுக்கு உரியவை என்ற எண்ணம் நாட்டில் ஆழமாக வேரோடியிருந்தது. ஆகவே, படிக்கத் தெரிந்த பெண் என்றால் ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. பெண்கல்வி வந்தபோது, எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்பதைவிட, இவள் அவளைப் போல ஆகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. இன்றைக்கும் பெற்றோர் கேட்கிற கேள்வியின் அடியில் இந்தப் பழைய பயம் கிடக்கிறது. அவர்களுக்கே அது தெரியாது.

திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் பள்ளிக்கூடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாளையங்கோட்டை சாராள் தக்கர் பள்ளி. 1858-ல் கடாட்சபுரத்தில் தொடங்கியது. சாராள் தக்கர் என்ற அம்மாள் இங்கிலாந்தில் இருந்தவர். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே காலமானவர். அந்தப் பள்ளிகளில் புத்தகத் தேர்வு மிகச் சுலபம். வேதம் இருந்தது; வேதத்துக்கு உதவுகிற புத்தகங்கள் இருந்தன. மற்றவை தேவைப்படவில்லை.

மற்ற வீடுகளுக்கு என்ன? மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளைக்கு இந்தக் கவலை இருந்தது. பெண்கல்விக்காக நூல் எழுதி வாதாடினார். பிறகு 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், நீதி சொல்லவே கதை எழுத உட்கார்ந்த அந்த மனிதர், கதை ஓடத் தொடங்கியதும் ஞானாம்பாளுக்கு ஆண் வேஷம் போட்டு ராஜ்ய பாரத்தையே அவள் தலையில் வைத்துவிட்டார்! அந்தப் புத்தகத்தின் நீதிப் பிரசங்கங்களை இன்று பக்கம் பக்கமாகத் தள்ளிவிடுகிறோம். ஞானாம்பாளைத் தள்ள முடியவில்லை.

நெல்லை நாட்டுப் பெருங்குளத்துக்காரர் அ. மாதவையா. 1892-ல் 'சாவித்திரி சரித்திரம்' என்று விவேக சிந்தாமணியில் ஆரம்பித்தார். இளம் விதவை ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வது போன்ற நவீனம். அது பாதியில் நின்றுபோயிற்று. 1903-ல்தான் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. அந்தக் காலத்தில் பதின்மூன்று வயதில் தாலி அறுத்த பெண்கள் எத்தனையோ பேர். அந்த வயதுக்கு இந்தக் கதை ஆகாது என்று சொன்னவர்கள், அந்த வயதுக்கு அந்த வாழ்க்கை மட்டும் ஆகும் என்று எண்ணினார்கள் போலும்.

இங்கே தெலுங்கு நாட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். தெலுங்கு என்றாலும் நூல் பிறந்தது நம் தஞ்சாவூரில்தான். பிரதாபசிம்ம மகாராஜா காலத்தில் அரண்மனையைச் சேர்ந்த முத்துப்பழனி என்ற கணிகை எழுதிய சிருங்கார காவியம் 'ராதிகா சாந்த்வனம்'. தாசி குலத்தில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், பழைய பதிப்பில் விடுபட்டிருந்த பகுதிகளையெல்லாம் சுவடியிலிருந்து மீட்டு, 1910-ல் அதை முழுமையாக அச்சிட்டார். சர்க்கார் தடை போட்டது. 1947-ல் டங்குதூரி பிரகாசத்தின் முயற்சியால்தான் தடை நீங்கியது.

அந்த நூலைப் பெண்கள் காதால் கேட்கவும் தகாதது என்று முன்பே எழுதியிருந்தவர் யார் தெரியுமா? கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. ராஜமகேந்திரத்தில் 1881-லேயே விதவைக்கு மறுமணம் செய்துவைத்த மகான். பெண்களுக்காகவே பத்திரிகை நடத்தியவர். வெட்கமும் மரியாதையும் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா என்று நாகரத்தினம்மாள் கேட்டார். பந்துலு மெச்சிய ஆண் கவிகளின் நூல்களில் இதைவிட மிஞ்சிய இடங்கள் இருப்பதையும் எடுத்துக் காட்டினார். அதற்கு நியாயமான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று போராடியவர்களே, அந்தக் கல்வி போய்த் தொடக் கூடாத அலமாரி ஒன்றையும் பூட்டி வைத்தார்கள்.

பந்துலுவைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. பாரதியார் தாம் முடிக்காமல் விட்ட 'சந்திரிகையின் கதை'யில் அவரையே ஒரு பாத்திரமாக்கி நடமாட விட்டிருக்கிறார். பாரதியார் 1918 டிசம்பரில் தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள கடயத்துக்கு வந்து சேர்ந்தபோது மூத்த மகள் தங்கம்மாளுக்கு வயது பதினான்கு. இளையவள் சகுந்தலாவுக்குப் பத்து. ஊர் ஒத்துக்கொள்ளாத காரியங்களை அந்த வீடு செய்துகொண்டிருந்தது. அந்தச் சகுந்தலாதான் பின்னாளில் 'என் தந்தை பாரதி' எழுதினார்.

அப்புறம் நாவல் காலம். ரங்கராஜுவும் வடுவூராரும் ஆரணியாரும் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்தார்கள். வீடுகளில் அவற்றுக்குத் தடை. ஆகவே அரிசிப் பானைக்குப் பின்னாலும் தலையணைக்கு அடியிலும் அவை வாசம் செய்தன. ஐந்தாறு வயதில் கல்யாணமாகி, பள்ளிக்கூடமே போகாத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் ஜகன்மோகினியை எடுத்து நடத்த ஆரம்பித்ததும் நிலைமை மாறிற்று. நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார். அவை எல்லாம் நல்ல நாவல்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண் எழுதியதை இன்னொரு பெண் கூடத்தில் உட்கார்ந்து, ஒளிக்காமல் படிக்கலாம் என்று ஆனது அவரால்தான்.

மறுபடியும் குற்றாலத்துக்கு வருவோம். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தென்காசிக்காரர். பிற்காலத்தில் குற்றாலத்திலேயே தங்கிவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அங்கே அவருடைய விருந்தாளிகள். 1954-ல் மறையும்வரை அவருக்கு ஒரே வேலை: பாட்டைப் பொறுக்குவது. கம்பராமாயணத்துப் பத்தாயிரம் பாட்டுகளில் பெரும் பகுதியை, இது கம்பன் வாக்கே அல்ல என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் 'கம்பர் தரும் ராமாயணம்' என்று பதிப்பித்தார். பண்டிதர்கள் கொதித்தார்கள். சில நல்ல பாட்டுகளும் அவர் கத்தரிக்கு இரையாகின என்பதே என் அபிப்பிராயமும். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். அது ரொம்ப அதிகம். ஆனாலும் அவர் எதற்காகத் தள்ளினார் என்பதைக் கவனிக்க வேண்டும். இது பெண்களுக்கு ஆகாது, இது பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவர் தள்ளவில்லை. பாட்டில் உயிர் இல்லை என்று தோன்றினால் தள்ளினார். இருந்தால், அதை இரண்டு தடவை, மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லி, கேட்கிறவன் முகம் மலரும்வரை விட மாட்டார். நூறு வருஷமாகப் பெண்களுக்குப் புத்தகம் பொறுக்கியவர்கள் இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டிருந்தால், புத்தி சொல்லியே பெண்களைத் தூங்க வைத்த எத்தனையோ கதைகளுக்குக் காகிதம் மிச்சமாகியிருக்கும்.

1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். குடும்பத்துப் பெண்கள் வசந்தவல்லியாக ஆடினார்கள். குடும்பங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தன. 1964-ல் குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி ஏற்பட்டது. குறவஞ்சிப் பாடல்கள் பள்ளிப் பாடப் புத்தகத்திலும் ஏறிவிட்டன. பரீட்சைக்கு என்றால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. பதவுரை எழுதிவிட்டால் விரகமும் மதிப்பெண் ஆகிவிடுகிறது. மதிப்பெண்ணுக்கு அல்லாமல், ஒரு சாரல் நாளில் ஜன்னல் ஓரத்தில் அந்தப் பெண் தானே எடுத்துப் படித்தால்தான் வீட்டில் புருவம் உயர்கிறது.

ஆகவே, கேட்கிறவர்களுக்கு என் பட்டியல் சிறியது. ஞானாம்பாள் இருக்கிறாள், முத்துமீனாட்சி இருக்கிறாள். அவற்றோடு, கையில் அடங்கும் குறவஞ்சிப் பதிப்பு ஒன்றையும் வாங்கி வையுங்கள். குறத்தி மலைவளம் சொல்லும் பகுதியை முதலில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் கேட்கலாம். பிறகு புத்தகத்தை அவளிடமே விட்டுவிடுங்கள். சிங்கன் வருகிற இடத்தில் அவள் தனக்குள் சிரித்துக்கொண்டால், ஏன் சிரிக்கிறாய் என்று மட்டும் கேட்க வேண்டாம்.