ஆறு வற்றிய ஆண்டும் அதன் பாடமும்

பண்டைக் காலந்தொட்டு மக்கள் குளிர்காய்ச்சலை அறிந்திருந்தனர். அதனை விளைப்பது யாது என்பதை மட்டும் அறிந்திலர். உடல் நடுங்கும், பின்னர் அனல்போற் கொதிக்கும், வியர்த்துத் தணியும், ஒருநாள் விட்டு மறுநாள் மீண்டும் வரும். சதுப்பு நிலங்களை அடுத்து வாழ்வோரே இதனாற் பெரிதும் வருந்தியதைக் கண்ட இத்தாலிய நாட்டார், அந்நிலங்களிலிருந்து எழும் தீய காற்றே இதற்குக் காரணமெனக் கருதினர். ‘தீய காற்று’ எனப் பொருள்படும் அவர்தம் சொல்லே மலேரியா என்பது. காரணம் பிழையென்று தெளிந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

1880 ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், அல்ஜீரியாவிற் பணிபுரிந்த லவெரன் என்னும் பிரெஞ்சு இராணுவ வைத்தியர், நோயாளி ஒருவரின் இரத்தத் துளியை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நோக்கினார். அதில் உயிருள்ள நுண்ணிய ஒட்டுண்ணிகள் அசையக் கண்டார். அவை ஒருவர் இரத்தத்திலிருந்து மற்றொருவர் இரத்தத்துக்கு எவ்வாறு செல்கின்றன? இவ்வினாவுக்கு விடை காண மேலும் பதினேழு ஆண்டுகள் சென்றன. 1897 ஓகஸ்ட் 20 ஆம் நாள், இந்தியாவிலுள்ள செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் என்பார், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பொன்றின் வயிற்றில் அக்கிருமி வளர்வதைக் கண்டறிந்தார்.

கிருமியின் வழி இன்று நன்கு புலனாகியுள்ளது. அனோபிலிஸ் இனத்துப் பெண் நுளம்பு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு கிருமி மனித உடலிற் புகுகின்றது. முதலில் ஈரலிற் பெருகிப் பின்னர்ச் செங்குருதிக் கலங்களுட் புகுந்து அவற்றை உடைத்து வெளிவருகின்றது. கலங்கள் கூட்டமாக உடையும்போதே குளிரும் காய்ச்சலும் தோன்றுகின்றன. அவ்வேளையில் வேறொரு நுளம்பு அந்நோயாளியைக் கடிப்பின், கிருமி அதனுட் சென்று முதிர்ந்து அடுத்த மனிதனுக்காகக் காத்திருக்கின்றது. ஆகவே, நோயாளி, நுளம்பு, நுளம்பு முட்டையிடுவதற்கேற்ற நீர் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடினால் நோய் பரவும்; ஒன்றை அகற்றினாலும் சங்கிலி அறும்.

இலங்கையின் வறண்ட வலயத்தில் இந்நோய் நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. இராசரட்டையின் பழைய நகரங்கள் பாழ்பட்டமைக்கு இதுவே காரணமென்று கூறினாரும் உளர். குளங்கள் சிதைந்து குடிகள் குன்றிய பின்னரே நோய் பெருகிற்று என்பாரும் உளர். அங்கு வாழ்ந்தோர் இளமையிலிருந்தே அடிக்கடி நோயுற்றமையால், உயிர் தப்பியோரின் உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் அமைந்திருந்தது. தென்மேற்குப் பகுதியின் நிலை வேறு. அங்கு மழை மிகுதி. ஆறுகள் எப்போதும் வேகமாக ஓடின. ஓடும் நீர் நுளம்பின் முட்டைகளையும் குடம்பிகளையும் அடித்துச் சென்றது. அம்மக்கள் ஆற்றின் பாதுகாப்பிலேயே வாழ்ந்தனர். ஆயினும் அதனை உணர்ந்தாரல்லர்.

1934 ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றின. ஆற்றுப் படுகையெங்கும் தெளிந்த நீர் சிறு சிறு குட்டைகளாகத் தேங்கி நின்றது. வெயில் படும் அத்தகைய நீரே அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்னும் நுளம்பு விரும்பி முட்டையிடும் இடமாகும். வெள்ளத்தாலன்றி வரட்சியாலேயே கொள்ளைநோய் வந்தது. ஒக்டோபர் மாதமளவில் தொடங்கிய காய்ச்சல், கேகாலை, குருணாகல் ஆகிய மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கிற்று. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில், நோயுற்றோர் 15 இலட்சம் வரை இருந்தனர் என மதிப்பிடப்பட்டது. 1935 ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சிசுக்களும் சிறுவரும் அவர்களுள் மிகுதியாக இருந்தனர்.

கிருமி ஒன்றே இவ்வழிவுக்குக் காரணமன்று. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தும், மழையின்மையால் விளைவிழந்தும் மக்கள் பசியால் மெலிந்திருந்தனர். கிராமங்களுக்குச் சென்ற சூரிய மல் இயக்கத் தொண்டர்கள் கொயினா மருந்தோடு உணவுப் பொருள்களையும் சுமந்து சென்றமை இதனாலேயாம். மருந்து கிருமியை அடக்கும். மெலிந்த உடலைத் தேற்றுவதற்குச் சோறும் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. என்னும் நஞ்சு கிடைத்தது. அதனை வீட்டுச் சுவர்களில் விசிறும் பணி நாடெங்கும் நடைபெற்றது. 1946 இல் ஆயிரத்துக்கு 20 க்கு மேலிருந்த இறப்பு வீதம், 1947 இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. இதில் டி.டி.ரி.யின் பங்கு எவ்வளவு, வைத்தியசாலைகளும் உணவும் பெருகியதன் பங்கு எவ்வளவு என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மலேரியா பின்வாங்கியது என்பதில் ஐயமில்லை. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளிகள் 17 பேர் மட்டுமே.

வெற்றி முழுமையாயிற்று என நாடு நம்பியது. விசிறும் பணி நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. ஆனால் நோய் அற்றுப்போகவில்லை. மாணிக்கக்கல் அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கியது. வேலை தேடிச் சென்றோரோடு கிருமியும் ஊர் ஊராகச் சென்றது. 1969 இல் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் டி.டி.ரி.யை நாடியபோது, நுளம்புகள் அதனைத் தாங்கும் வலிமை பெறத் தொடங்கியிருந்தன. ஆறே ஆண்டுகளில், பல்லாண்டு உழைப்பின் பயன் கைநழுவிற்று.

பின்னர் மேற்கொண்ட முயற்சி பலமுனைப்பட்டதாக இருந்தது. காய்ச்சலுற்றோரின் இரத்தத்தைச் சோதித்தல், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியும் அழியுமாறு மருந்து கொடுத்தல், மருந்தூட்டிய நுளம்பு வலைகளை வழங்குதல், நீர்நிலைகளிற் குடம்பியுண்ணும் மீன்களை விடுதல் ஆகியன ஒருங்கே நடைபெற்றன. வடக்கிலும் கிழக்கிலும் போர் நிகழ்ந்த காலத்திலும் பணி முற்றாக நின்றுவிடவில்லை. அம்முயற்சிக் காலத்தில் நாட்டினுள்ளே தொற்றிய நோயாளர்களுள் இறுதியானவர் 2012 ஒக்டோபரிற் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுபடுத்தியது.

ஆயினும், சங்கிலியின் கண்ணிகள் யாவும் மறைந்துவிடவில்லை. பழைய நுளம்பு இன்றும் இங்கு உண்டு. நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் புதிய இனம் மன்னாரில் இருப்பது 2017 இல் அறிவிக்கப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து வருவோர் சிலரின் இரத்தத்திற் கிருமியும் வருகின்றது. ஆதலின், மலேரியா உள்ள நாட்டுக்குச் செல்வோர் முன்கூட்டியே தடுப்பு மருந்து பெறுதலும், திரும்பியபின் காய்ச்சல் கண்டால் தாம் சென்றுவந்த நாட்டை வைத்தியருக்குக் கூறி இரத்தச் சோதனை செய்வித்தலும் தம் வீட்டாருக்கும் ஊராருக்கும் செய்யும் கடமையாகும். கிணற்றையும் தொட்டியையும் மூடி வைத்தலும் அத்தகையதே. 80,000 உயிர்களைக் கொடுத்தும், ஒருமுறை வென்று தோற்றும் இந்நாடு பெற்ற நலம் இது. நோயாளி எவருமில்லை என்ற செய்தி மகிழ்ச்சிக்குரியது. காவலைக் கைவிடுவதற்கு அது காரணமாகாது என்பதை 1963 ஆம் ஆண்டின் அந்தப் பதினேழு நோயாளிகளின் வரலாறு உணர்த்துகின்றது.