காய் நறுக்கும் கை

திருவண்ணாமலை ரமணாசிரமம், ரமணரின் தாய் அழகம்மாள் 1922-இல் மறைந்தபின் அவரது சமாதியைச் சுற்றி வளர்ந்தது. 1930களில் அதன் அடுக்களையில் விடியுமுன்பே காய் நறுக்க உட்கார்ந்தவர்களில் ரமணரும் ஒருவர். கீரைத்தண்டு வீணாவதைக்கூட அவர் பொறுக்கமாட்டார். பக்தர்கள் இதை எளிமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். சமையல் வரலாற்றுக்கும் இது சான்றுதான். எது இளசு, எது நார் என்று பிரிப்பது கையும் கண்ணும் சேர்ந்து எடுக்கும் முடிவு. அலகு அசையாமல் நிற்க, காயை மட்டும் நகர்த்தும் அரிவாள்மனை அந்த முடிவுக்கு நேரம் தருகிறது.

கோயம்புத்தூரில் 1955-இல் பிறந்த வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லை ஓரங்கட்டியது. நறுக்கும் இயந்திரங்கள் அப்படி வெல்லவில்லை. மாவு ஆட்டுவது ஒரே சுழற்சி. காயோ அவியலுக்கு நீளமாக, பொரியலுக்குப் பொடியாக, சாம்பாருக்குத் துண்டமாக வேண்டும். அரிவாள்மனையும்தான் மறைகிறதே என்று கேட்கலாம். உண்மை, நின்று சமைக்கும் மேடை வந்ததும் தரைக்கருவி ஒத்துவரவில்லை. ஆனால் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது கத்தி, இயந்திரமல்ல. அதற்காக, கார்த்திகை தீப அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் வெட்டும்போதும் இயந்திரம் வேண்டாம் என்பது வெறும் வீம்பு. கத்தரிக்காய் வேறு கதை: புழு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பிளந்து பார்க்க ஆள் வேண்டும். பிளந்தவர் கையிலேயே கத்தி இருக்கிறது, அவரே நறுக்கி முடித்துவிடுவார்.