எள்ளலும் நகையும்

எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் களங்கள் நான்கினுள் எள்ளலை முதலில் வைத்தார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பதும், பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பதும் என அது இருவகைப்படும் என்று பேராசிரியர் விளக்குவார். பிழைப்பிற்காக ஊர் பெயர்ந்தோர்க்கு இவ்விரண்டாம் வகை நன்கு தெரியும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1989 டிசம்பரில் தொடங்கி இன்றும் தொடர்வது 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் நகைச்சுவைக் கார்ட்டூன் தொடர். அமெரிக்கக் குடும்ப வாழ்வை அமெரிக்கரே எள்ளி நகையாடிய அத்தொடரில், 1990ஆம் ஆண்டு அப்பு என்னும் இந்தியக் கடைக்காரர் இடம்பெற்றார். சத்யஜித் ராயின் புகழ்பெற்ற கதைமாந்தனை நினைந்து இட்ட பெயர் அது. கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவராகவே அவரைப் படைத்திருந்தனர். குடியேறியோர் மீதான வெறுப்பைச் சாடி 1996இல் வந்த ஒரு பகுதியில், அவர் தேர்வெழுதிக் குடியுரிமை பெறுகிறார். ஆயினும் மக்கள் மனத்தில் நின்றது அவருடைய பட்டமன்று, உச்சரிப்பே. அக்குரலைத் தந்த ஹாங்க் அசாரியா இந்தியரல்லர். அமெரிக்கப் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகளை அக்குரலாலேயே சீண்டினர். தெலுங்குப் பெற்றோர்க்கு நியூயார்க்கில் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் ஓர் ஆவணப்படத்தால் இதனை வெளிப்படையாகக் கேட்டார். 2020இல் அசாரியா அப்பாத்திரத்திற்குக் குரல் கொடுப்பதைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு மன்னிப்பும் கோரினார்.

கடல் கடந்த அக்கதை மும்பைத் தமிழர்க்குப் புதியதன்று. 1966இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியரை எதிர்த்துக் குரலெழுப்பிய காலம். 1968இல் 'படோசன்' என்னும் இந்தித் திரைப்படம் வந்தது. அதில் மெஹ்மூத், குடுமியும் வேட்டியுமாகத் தென்னாட்டுப் பாட்டு வாத்தியார் பிள்ளையாக நடித்து அரங்குகளைச் சிரிப்பில் ஆழ்த்தினார். அவர் பேசிய இந்தியே பல்லாண்டுகள் நம் அடையாளமாயிற்று. தாராவியிலிருந்து நாம் சென்று பயின்ற பள்ளியில், "ஐயையோ" என்று இழுத்துக் கூவியே நம்மை அழைப்பர். நாமும் உடன் சிரித்தோம். சிரியாவிடில் விளையாட்டில் இடமில்லை.

அண்மையில் செம்பூரில் நம் இல்லத்திற்கு மார்வாரி நண்பர் ஒருவர் வந்திருந்தார். தொலைக்காட்சியில் பழைய தமிழ்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. அடகுக்கடைச் சேட்டு தோன்றி, "நம்பள், நிம்பள்" என்று பேசத் தொடங்கியதும் நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர், நாமும் சிரித்தோம். திரும்பிப் பார்த்தபோது நண்பரும் சிரித்துக்கொண்டிருந்தார். அச்சிரிப்பு நாம் அறிந்த சிரிப்பு. பள்ளி முற்றத்தில் நாம் சிரித்தது.

நகைச்சுவை வேண்டாமென்று நாம் கூறவில்லை. நகையில்லா வாழ்வு பாலைநிலம். ஆனால் எள்ளப்படுவோரும் எதிர்நின்று எள்ளும் உரிமை பெற்ற இடத்தில்தான் நகை, நட்பாகும். பாட்டு வாத்தியார் பிள்ளைக்கு நேர்ந்ததை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோம். சேட்டுக்கு நாம் செய்ததையும் இனிச் சொல்லியாக வேண்டும்.