ஆழ்கடலில் போதாத 36 படங்கள்: அந்தமானில் டிஜிட்டல் கேமரா தந்த மாற்றம்

ஸ்ரீ விஜயபுரம்: பவளப்பாறைகளும் மழைக்காடுகளும் ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகளும் நிறைந்த அந்தமான் நிக்கோபார் தீவுகள், ஒளிப்படக் கலைஞர்களையும் ஆய்வாளர்களையும் ஒருசேர ஈர்த்து வருகின்றன. பிலிம் கேமராவின் இடத்தை டிஜிட்டல் கேமரா பிடித்த பின்னர், இத்தீவுகளின் இயற்கையைப் பதிவு செய்யும் முறை பெரிதும் மாறியுள்ளது.

கண்ணாடித் தகட்டில் தொடங்கிய வரலாறு

ஆங்கிலேய அதிகாரி மாரிஸ் விடல் போர்ட்மேன், 1890-களில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக அந்தமான் பழங்குடியினரைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தார். அதன் பின்னர் பல பத்தாண்டுகள் பிலிம் சுருளே கோலோச்சியது. 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். சுமார் 3.6 கிலோ எடை கொண்ட அக்கருவி, ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது.

கடலடியில் கிடைத்த விடுதலை

35 மில்லிமீட்டர் பிலிம் சுருள் ஒன்றில் பொதுவாக 36 படங்கள் மட்டுமே எடுக்க முடியும். நீருக்கடியில் கேமராவைத் திறந்து சுருளை மாற்ற இயலாது. 1963-இல் நிக்கான் அறிமுகப்படுத்திய நிக்கோனோஸ் வகை நீரடிக் கேமராக்களுக்கும் இந்த வரம்பு இருந்தது. கடைசிப் படம் எடுத்து முடித்த பின் கடற்பசு எதிர்ப்பட்டால், பார்த்துவிட்டுத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. இன்றைய மெமரி கார்டு ஒன்றில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். எடுத்த படம் சரியாக வந்துள்ளதா என்பதையும் அங்கேயே திரையில் பார்த்து அறியலாம்.

நிறமும் ஒளியும்

கடல்நீர் முதலில் சிவப்பு நிறத்தை உறிஞ்சிவிடுவதால், சுமார் 10 மீட்டர் ஆழத்தில் பவளங்கள் நீலம் கலந்த சாம்பல் நிறமாகவே தோன்றும். பகல் ஒளிக்கென்று தயாரிக்கப்பட்ட பிலிமில் இதை ஈடுசெய்ய வடிகட்டியோ ஃப்ளாஷ் விளக்கோ தேவைப்பட்டது. டிஜிட்டல் கேமராவில் வெண்சமநிலையை அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். பிலிமின் ஒளி உணர்திறன் சுருள் முழுவதற்கும் ஒன்றே. டிஜிட்டல் கேமராவில் அதைப் படத்துக்குப் படம் மாற்றலாம். கடற்கரை வெயிலிலிருந்து இருண்ட மழைக்காட்டுக்குள் நுழைபவருக்கு இது பெரிதும் உதவுகிறது.

பவளங்களின் நலன் அறிய

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீரின் வெப்பம் உயர்ந்ததால் அந்தமான் பவளப்பாறைகள் வெளிறின. இத்தகைய பாதிப்பையும் மீட்சியையும் அறிய, ஒரே இடத்தை ஒரே அளவில் ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்பிட வேண்டும். டிஜிட்டல் படத்துடன் தேதியும் நேரமும் தாமாகவே பதிவாகின்றன. செயற்கைக்கோள் சமிக்ஞை நீருக்கடியில் எட்டாது. எனினும், படகில் குறித்துக்கொண்ட இட விவரத்தை நேரத்தைக் கொண்டு பின்னர் படத்துடன் பொருத்திவிட முடியும்.

ஈரப்பதமும் தொலைவும்

இரு பருவமழைகளையும் பெறும் இத்தீவுகளின் ஈரக்காற்றில், பிலிமின் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை எளிதில் படரும். வேகமான பிலிம் சுருள்கள் விமான நிலைய எக்ஸ்ரே சோதனையாலும் பாதிப்படையக்கூடும். சென்னைக்குக் கப்பலில் செல்ல ஏறக்குறைய மூன்று நாள்கள் ஆகும் நிலையில், டிஜிட்டல் படங்களை இணையம் வழியே உடனுக்குடன் அனுப்பலாம். சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. நீள கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

பிலிமின் வலிமை

மின்கலம் இன்றியே இயங்கும் பிலிம் கேமராக்கள் உண்டு. போர்ட்மேன் எடுத்த படங்கள் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் பார்க்கக் கிடைக்கின்றன. டிஜிட்டல் கோப்போ, சேமிப்புக் கருவி பழுதானால் ஒரு நொடியில் மறைந்துவிடும். எனவே குறைந்தது இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பது அவசியம்.

எளிமையும் பொறுப்பும்

எண்ணிப் பார்க்காமல் படமெடுக்கும் வசதி, தீங்குக்கும் வழிவகுத்துள்ளது. ஜாராவா பழங்குடிப் பெண்கள் சுற்றுலாப் பயணிகள் முன் ஆடவைக்கப்பட்ட காணொலி 2012 ஜனவரியில் வெளியாகிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அதே ஆண்டில் திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது. ஜாராவா காப்புப் பகுதி வழியே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில் அவர்களைப் படமெடுப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். அச்சாலையில் செல்லும் பயணிகள், காப்புப் பகுதியைக் கடக்கும் வரை கேமராவையும் கைப்பேசியையும் பைக்குள் வைத்திருப்பதே முறையாகும்.