நாணயம்: காசிலிருந்து குணத்துக்கு

நாணயம் என்ற சொல்லை நாணத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றும். பழிக்கு நாணுபவன் நாணயஸ்தன் என்ற விளக்கம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சொல் வந்த வழி அதுவல்ல. அது வடமொழி 'நாணகம்' என்பதிலிருந்து வந்தது; நாணகம் என்றால் காசு. கனிஷ்கர் காலக் குஷாணக் காசுகளில் 'நானா' என்ற பெண்தெய்வத்தின் உருவமும் பெயரும் உண்டு. அந்தப் பெயரே நாணகம் ஆனது என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

நல்ல காசைக் கள்ளக்காசு என்றும் கள்ளக்காசை நல்லது என்றும் சொல்லும் நாணகப் பரிசோதகனுக்கு யாக்ஞவல்கிய ஸ்மிருதி உச்ச அபராதம் விதிக்கிறது. காசு கெட்டால் ஒரு கைதான் ஏமாறும். அதைப் பார்த்துச் சொல்பவன் கெட்டால் சந்தையே ஏமாறும். நம் பக்கத்தில் இந்தத் தொழில் செய்தவர்களுக்கு வண்ணக்கர் என்று பெயர். புறநானூற்றுப் புலவர் வடம வண்ணக்கன் பேரிசாத்தனாரின் பெயரிலேயே அது ஒட்டியிருக்கிறது. உலோகத்தின் எடையும் மாற்றுமே காசின் மதிப்பாக இருந்த காலம் அது. ஓரம் சுரண்டியிருப்பார்கள், செம்பு கூட்டியிருப்பார்கள். அதனால் காசைச் சுண்டி ஓசை கேட்டார்கள், நிறுத்தார்கள், உரைகல்லில் உரைத்தார்கள்.

மலையாளத்தில் நாணயம், கன்னடத்தில் நாண்ய, தெலுங்கில் நாணெம்: எல்லாம் காசுதான். தெலுங்கில் 'நாண்யத' என்றால் சரக்கின் தரம். தமிழோ இன்னும் ஓரடி போய், அந்தத் தரத்தை மனிதனிடம் கேட்டது. கொடுக்கல் வாங்கலில் நாணயம் என்றோம். சொன்ன சொல் தவறாதவருக்கு நாக்கு நாணயம் உண்டு என்றோம்.

நேர்மையும் நாணயமும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். ஆளில்லாத இடத்திலும் ஒருவர் நேர்மையாக இருக்கலாம். நாணயத்துக்கு எதிரே இன்னொருவர் வேண்டும். வாங்கிய கடனைச் சொன்ன தவணையில் திருப்புவது, பேசிய விலைக்குப் பேசிய சரக்கையே கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். 'நான் நாணயமானவன்' என்று தானே சொல்லிக்கொண்டால் எடுபடாது. கொடுத்து வாங்கியவர்கள் சொல்ல வேண்டும்.

இன்று இந்தச் சொல் கடன் பேச்சோடு சுருங்கிவருகிறது. அதைப் பொதுவாழ்வுக்கும் கொண்டுவர வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவர் போன முறை கொடுத்த வாக்கை எடுத்து வையுங்கள். அவருடைய நாக்கு நாணயத்தை அங்கேயே உரைத்துப் பாருங்கள்.