விசுவாசம்

கடவுள் நம்பிக்கையைக் குறிக்கும் தமிழ்க் கிறித்தவக் கலைச்சொல். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தூத்துக்குடிக் கரையோரப் பரதவர்களுக்காக உள்ளூர்த் துணைவர்களைக் கொண்டு விசுவாச அறிக்கையைத் தமிழாக்கினார். அதில் நம்பிக்கையைச் சொல்லும் இடத்தில் ‘வேண்டும்’ என்ற சொல் நின்றதால், பொருள் விருப்பமாகத் திரிந்தது. 1544இல் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அச்சொல்லை ‘விசுவாசம்’ எனத் திருத்தச் சொன்னார்.

விவிலியத்தின் கடினமான முரணொன்றும் இச்சொல்லைச் சுற்றியே எழுகிறது. மனிதர் விசுவாசத்தால் நீதிமான் ஆகிறார் என்கிறார் பவுல் (உரோமையர் 3:28); விசுவாசத்தால் மட்டுமல்ல, செயல்களாலும் என்கிறது யாக்கோபின் திருமுகம் (2:24). பவுல் சொல்வது தன்னையே ஒப்படைக்கும் நம்பிக்கை, யாக்கோபு கண்டிப்பது வாயளவு ஒப்புதல் என்பது பரவலான விளக்கம். சொல்லின் பொருளைத் தெளிவதே முரணைத் தீர்க்கும் முதற்படி.