நட்சத்திரத் தவளையும் நம்ம ஆளுங்க வெட்டின காடும்

முதுகலை ஆய்வேட்டுக்காக இலங்கை மலையகத்தின் காடழிப்பு வரலாற்றைப் படிச்சுக்கிட்டிருக்கேன். நடுவில ஒரு தவளை வந்து குந்திக்கிட்டு நகர மாட்டேங்குது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

பெயர் சூடோபிலோட்டஸ் ஸ்டெல்லாட்டஸ். உடம்பில நட்சத்திரம் மாதிரிப் புள்ளிகள், அதனால்தான் அந்தப் பெயர். 1853-இல் நுவரெலியாத் தவளையாக இதை விவரித்தவர் கெலார்ட். இலங்கையிலேயே பிறந்த இராணுவ மருத்துவர். அதுக்கப்புறம் தவளை ஆளையே காணோம். கடைசியில் 'அழிந்த இனம்' என்றே பட்டியலில் எழுதிவிட்டார்கள்.

ஏன் காணாமல் போச்சு? இந்த வகைத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே வரும். குளம் குட்டை தேவையில்லை. ஆனால் முட்டை காயாமல் இருக்கக் காட்டின் ஈரம் வேணும். நிழல் போனால் ஈரமும் போச்சு.

அந்த நிழல் போன கதைதான் நம்ம கதை. 1830-களுக்குப் பிறகு கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தமிழ்நாட்டில் பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணி பின்னால் மன்னாரிலிருந்து நடந்தே வந்த சனம் அதில் உழைத்தது. வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1869-இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்றது. அடுத்து வந்த தேயிலை, கோப்பியையும் தாண்டி உயரத்துக்கு ஏறியது. மிச்சக் காடும் சுருங்கியது.

2009-இல் மென்டிஸ் விக்ரமசிங்கவும் குழுவினரும் சிவனொளிபாதமலைக் காட்டில் இதே தவளையைத் திரும்பக் கண்டார்கள். 2013-இல் ஆய்விதழில் உறுதியாக வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 160 வருஷம்! அந்த மலைக்காடு 1940 முதல் சரணாலயம். 2010-இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. வெட்டாமல் விட்ட காடு தவளையைக் காப்பாத்தி வெச்சிருக்கு. ஆனா இதன் உறவுக்காரத் தவளைகளில் ஒரு டசனுக்கு மேல் இன்னும் திரும்பவே இல்லை.

ஒண்ணு மட்டும் உறுத்துது. காட்டை வெட்டின நம்ம ஆளுங்க இந்தத் தவளைங்க சத்தத்தை ராத்திரியெல்லாம் கேட்டிருப்பாங்க. ஏதாவது பெயர்கூட வெச்சிருக்கலாம். கெலார்ட் எழுதினது அச்சில் இருக்கு. இவங்களை யாரும் கேட்கவே இல்லை. துரைமாருக்கு ஏக்கர் கணக்கும் ஆள் கணக்கும்தான் தேவைப்பட்டுச்சு.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட காட்டைப் பத்தின கதை ஏதாவது மிச்சம் இருந்தா, இப்பவே கேட்டு எழுதி வைங்க. தவளை மாதிரி அது திரும்பி வராது.